அமெரிக்கா ஐஸும் மானாமதுரைப் பானையும்

காலையில் காந்தி மியூசியம் பக்கம் நடந்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்காரும் எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். அதில் ஒருவர் தபால் இலாகாவில் இருந்தவர். எதையும் லேசில் நம்பமாட்டார். முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் சரியாக இருந்தால்தான் தலையை ஆட்டுவார். போன மாதம் கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், சைக்கிள் ரிக்‌ஷாவில் சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பார் ஒன்று விளக்குத்தூண் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஜிகர்தண்டா கடைக்காக இருக்கும். சும்மா இருக்காமல் நான், "அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது தெரியுமா?" என்றேன்.

தபால்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சார், இந்த ரிக்‌ஷா கீழவாசல் போய்ச் சேர்வதற்குள்ளேயே கால்வாசி ஒழுகிவிடும். அமெரிக்காவிலிருந்து எத்தனை நாள் ஆகும்?"

"நாலு மாதம்."

"நாலு மாதம்! வழியில் உருகாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்த வியாபாரத்தை ஆரம்பித்தவரையும் ஊரார் இதே கேள்வி கேட்டுத்தான் சிரித்தார்கள். டீக்கடையில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதில் சொல்ல முதலில் என் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியம். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். சட்டப்படி முழு இணைப்பு 1962-இல்தான் நடந்தது. இரண்டுக்கும் நடுவிலும் அதற்குப் பிறகும் எங்களைப் போன்ற சில பிள்ளைகள் வீட்டில் தமிழும் வகுப்பில் பிரெஞ்சுமாக வளர்ந்தோம். மதுரைக்கு வேலைக்கு வந்த புதிதில் என் ஆபீஸ் குறிப்புகளில் இங்கிலீஷ் தடுமாறும். சக குமாஸ்தாக்கள் என்னை "மிசியே" என்றே கூப்பிட்டார்கள். அது போகட்டும்.

பௌதிக வாத்தியார் ஒருநாள் மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு பாளம் ஐஸ் வாங்கிவரச் சொல்லி, அதை உடைத்து ஒரு பாத்திரத்தில் போட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். இரண்டிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவன் எழுந்து போய் டிகிரியைப் படிக்க வேண்டும். முதல் பையன் பூஜ்யம் என்றான். அடுத்தவனும் பூஜ்யம். ஐந்தாவதாகப் போன நானும் பூஜ்யம் என்றேன். விளக்கு எரிகிறது, பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது, பாதரசமோ இம்மிகூட நகரவில்லை. "சூடு எங்கே போகிறது?" என்று வாத்தியார் கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கரும்பலகையில் 'ஷலர் லாத்தாந்த்' என்று எழுதினார். ஒளிந்திருக்கும் சூடு. தமிழ்ப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று போட்டிருக்கிறார்கள். அழகான சொல்.

ஒரு கிராம் ஐஸ் உருக எவ்வளவு சூடு வேண்டும்? 80 கலோரி. பிரெஞ்சில் 80-ஐ 'கத்ர் வேன்', அதாவது நாலு இருபது என்பார்கள். நாலு இருபது கலோரி என்று அன்று மனதில் விழுந்தது இன்றுவரை போகவில்லை. அதன் அர்த்தம் இதுதான். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஐஸை, அதே பூஜ்யம் டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டும் ஆகும் சூட்டை வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் கை பொசுங்கும் 80 டிகிரி வரை காய்ச்சிவிடலாம். ஐஸ் அவ்வளவு சூட்டை வாங்கி விழுங்கிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். விழுங்கிய சூடு ஐஸின் கட்டுக்கோப்பைக் கலைத்துத் தண்ணீராக ஓடவிடுவதிலேயே செலவாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர் என்று இங்கிலீஷ் புத்தகங்கள் சொல்லும். எங்கள் வாத்தியார் மட்டும், "பிறந்தது பிரான்ஸில், போர்தோவில்" என்று அழுத்திச் சொல்வார். அது உண்மைதான். அவருடைய அப்பா அங்கே ஒயின் வியாபாரம் செய்தவர். பிளாக் பிறந்தது 1728-இல். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1760-களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை நம் அடுக்களையிலேயே செய்யக்கூடியது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் ஐஸ், மற்றதில் ஐஸ் அளவுக்குக் குளிர்ந்த அதே எடைத் தண்ணீர். இரண்டையும் ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. ஐஸ் முழுக்க உருகி அதே சூட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பத்தரை மணி நேரம். இருபத்தோரு அரைமணிகள். அவ்வளவு நேரமும் கூடத்தின் சூடு ஐஸுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது, தெர்மாமீட்டருக்குத்தான் தெரியவில்லை. அதுவரை, உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டி கொஞ்சம் சூடு பட்டால் சட்டென்று தண்ணீராகிவிடும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி நடந்தால் குளிர்நாடுகளில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் மலைப்பனி மொத்தமும் ஒரே நாளில் உருகி ஊரை அடித்துக்கொண்டு போய்விடாதா என்று பிளாக் கேட்டார். நியாயமான கேள்வி.

இருபது வருடம் கழித்து லவாய்ஸியேவும் லாப்லாஸும் பாரிஸில் இதையே ஓர் அளவுகோலாக்கினார்கள். ஒரு பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்து, உள்ளே ஒரு பொருளை வைத்து, எவ்வளவு ஐஸ் உருகியது என்று எடை போட்டு, அந்தப் பொருள் விட்ட சூட்டைக் கணக்கிட்டார்கள். உள்ளே ஒரு சீமைப் பெருச்சாளியைக்கூட உட்காரவைத்து அதன் உடல் சூட்டை அளந்தார்கள். அந்த ஆய்வறிக்கை வந்தது 1783-இல். லவாய்ஸியேவின் தலையைப் புரட்சிக்காரர்கள் 1794-இல் கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள். அது வேறு கதை.

அதே 1783-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தவர் ஃபிரடெரிக் டியூடர். நம் கதாநாயகர். அவர் ஊரில் குளிர்காலத்தில் குளம் குட்டையெல்லாம் உறைந்து கிடக்கும். காசில்லாமல் கிடக்கும் இந்த ஐஸை வெயில் நாடுகளுக்கு அனுப்பி விற்றால் என்ன என்று 23 வயதுகூட ஆகாத அந்தப் பையனுக்குத் தோன்றியது. 1806-இல் 130 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்குப் போனார். அதுவும் எங்கள் புதுச்சேரி மாதிரி ஒரு பிரெஞ்சுக் காலனிதான். பாஸ்டன் பத்திரிகை கேலி செய்தது. சரக்கோ பெரும்பாலும் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் இறக்கி வைக்க அங்கே கிடங்கு இல்லை. வாங்கிப் போன ஜனங்களுக்கு அதை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. நஷ்டம். பிறகு கடன்காரர்கள் அவரைச் சிறையில் போடும் அளவுக்குப் போயிற்று. மனிதர் விடவில்லை.

மெல்ல மெல்ல அவர் கற்றுக்கொண்ட வித்தைகள் மூன்று. பெரிய சதுரப் பாளங்களாக வெட்ட வேண்டும், அப்போதுதான் இடைவெளி இல்லாமல் அடுக்க முடியும். இதற்காக நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றைச் செய்து கொடுத்தார். இரண்டாவது, சுற்றிலும் மரத்தூள் திணிக்க வேண்டும். அந்த ஊர் மர அறுவை மில்களில் அது குப்பையாகக் கிடந்தது. மூன்றாவது, உருகிய தண்ணீரை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். நம் ஊர் ஐஸ்காரர்களுக்கு இவையெல்லாம் புதிதல்ல. அவர்கள் மரத்தூளும் உமியும் போடுகிறார்கள், சாக்கைச் சுற்றுகிறார்கள். ஆனால் சாக்கும் மரத்தூளும் சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நாலு மாதமும் சூடு வந்துகொண்டேதான் இருக்கும். வந்த சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள ஒவ்வொரு கிராமிலும் அந்த நாலு இருபது கலோரி இடம் இருந்தது பாருங்கள், அதுதான் கப்பலைக் காப்பாற்றியது.

பெரிய அளவும் முக்கியம். சூடு மேற்பரப்பு வழியாகத்தான் நுழைய முடியும். ஒரு பாளத்தின் நீள அகல உயரத்தை இரட்டிப்பாக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், உள்ளே இருக்கும் ஐஸோ எட்டு மடங்கு. ரிக்‌ஷாவில் போகும் ஒற்றைப் பார் ஒழுகுகிறது, கப்பல் வயிறு நிறைய அடுக்கிய ஐஸ் தாக்குப்பிடிக்கிறது. தபால்காரர் நண்பருக்கு இதுதான் முதல் முத்திரை.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனை விட்டுக் கிளம்பியது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, பூமத்திய ரேகையைத் தாண்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடி பூமத்திய ரேகையைத் தாண்டி, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது. மிச்சம் இருந்தது சுமார் 100 டன். அதாவது பாதிக்கு மேல். கல்கத்தா வெள்ளைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சுங்கவரி வேண்டாம் என்றார்கள், இரவிலேயே இறக்கிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு டியூடரின் ஏஜெண்டுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். ஒரு சர்க்கார் குமாஸ்தாவாக எனக்கு இதில் ஆச்சரியம் வெள்ளிக் கோப்பை இல்லை. சுங்க இலாகா ராத்திரியில் வேலை பார்த்ததுதான்.

அதற்கு முன் இந்தியாவில் ஐஸே இல்லையா என்றால், இருந்தது. லாகூரில் அக்பர் அரண்மனைக்கு மலையிலிருந்து பனி வந்தது. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து அந்தக் குளிர்ச்சியில் குடிநீரை ஆறவைக்கும் முறையும் அயினி அக்பரியில் இருக்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது அலகாபாத் ஐஸ். ராபர்ட் பார்க்கர் என்ற ராணுவ அதிகாரி 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். திறந்த வெளியில் ஆழமில்லாத குழிகள் வெட்டி, காய்ந்த கரும்புத் தட்டை, சோளத்தட்டை பரப்பி, மெருகு பூசாத சின்ன மண் அகல்களை வரிசையாக வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுவார்கள். பனிக்கால இரவு, மேகம் இருக்கக் கூடாது, காற்று அசையக் கூடாது. விடியுமுன் அகல்களில் ஐஸ் படிந்திருக்கும். இத்தனைக்கும் காற்றின் சூடு உறைநிலைக்கு இறங்கியிருக்காது. மண் அகலில் கசியும் நீர் ஆவியாகும்போது மிச்சத் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தெளிந்த வானத்தைப் பார்த்து அகல் தன் சூட்டை வீசிவிடுகிறது. அடியில் தட்டை இருப்பதால் பூமியின் சூடு மேலே வருவதில்லை. விடிகாலையில் ஆட்கள் ஓடியோடிச் சேகரித்துக் குழியில் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். கல்கத்தா பக்கத்திலும் இப்படிச் செய்ததுண்டு. டியூடரின் கண்ணாடி மாதிரியான பாளம் வந்ததும் அந்தக் கூழ் ஐஸை யாரும் சீந்தவில்லை. (பிரெஞ்சில் ஐஸுக்கும் கண்ணாடிக்கும் 'கிளாஸ்' என்று ஒரே வார்த்தை. ஐஸ்கிரீமுக்கும் அதே. சின்ன வயதில் நான் குழம்பாத நாள் இல்லை.)

மெட்ராஸுக்கு வருவோம். 1842-இல் திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அன்று மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பிறகு மசூலா படகுகள். கயிற்றால் தைத்த, ஆணியில்லாத படகுகள். நம் மீனவர்கள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். அமெரிக்கக் குளத்து ஐஸ் கடைசி அரை மைலைக் கடந்தது அவர்கள் கைகளில்தான். மரத்தூளைத் தட்டிவிட்டு அந்தப் பாளத்தை முதன்முதலில் தொட்டபோது ஒரு திருவல்லிக்கேணிக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் வாழ்நாளில் அவ்வளவு குளிர்ச்சியான எதையும் தொட்டிருக்க முடியாது. அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் துரைமார்கள், கையில் காசுள்ள சிலர்.

டியூடரின் ஆட்கள் 1846–47 குளிர்காலத்தில் ஐஸ் வெட்டிய குளங்களில் ஒன்று வால்டன். அதன் கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்து கொண்டிருந்தவர் தோரோ. காந்திஜி விரும்பிப் படித்தாரே, அவர்தான். வால்டன் தண்ணீரை மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாக்காரர்கள் குடிக்கப்போகிறார்கள் என்று தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த ஐஸ் மதுரைக்கு வரும் வழி எதுவும் அப்போது இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்ததே 1875-இல். அதற்கு முன் மாட்டு வண்டி. மெட்ராஸிலிருந்து இங்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். வண்டியில் ஏற்றும் அளவு ஐஸ் அதுவரை தாங்காது. கடல் தாண்டி 100 டன்னாக வந்த பொருள், வண்டியில் அரை டன்னாக ஏறினால் செங்கல்பட்டு, விழுப்புரம் தாண்டுவதற்குள் சாலையிலேயே ஒழுகித் தீர்ந்திருக்கும்.

ஆனால் மதுரைக்காரர்களிடம் வேறொரு வித்தை இருந்தது. அதை நான் கண்டுகொண்டது வேலைக்கு வந்த பிறகுதான். 1973-இல் இங்கே வந்து வடக்குமாசி வீதிப் பக்கம் ஒரு அறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மா ஒரு மானாமதுரைப் பானையை மணல் பரப்பி வைத்து, தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, "தம்பி, இதைக் குடிங்க" என்றார். பல்லில் கூசியது! புதுச்சேரியில் எங்கள் வீட்டிலும் பானை உண்டு. ஆனால் இவ்வளவு குளிர்ந்ததே கிடையாது. மானாமதுரை மண்ணின் மகிமை என்றார் அவர். மண்ணுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் முக்கியக் காரணம் காற்று. புதுச்சேரியில் கடல் காற்று ஈரமானது, பானையில் கசியும் நீரை ஏற்க அதற்கு மனசில்லை. மதுரைச் சமவெளியின் சித்திரை மாதக் காற்று உலர்ந்தது, அனலாக அடிக்கும், கசிந்ததையெல்லாம் குடித்துவிட்டுப் போகும். நாம் திட்டுகிற அந்த அனல் காற்றுதான் பானையைக் குளிரவைக்கிறது. ஐப்பசி அடைமழையில் அதே பானைத் தண்ணீர் சப்பென்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஐஸ் உருக 80 கலோரி என்றால், தண்ணீர் ஆவியாகக் கிராமுக்கு அதைப் போல ஏழு மடங்கு வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் சுமார் 580, கொதிக்கும்போது 540. பத்து லிட்டர்ப் பானையில் அரை லிட்டர் கசிந்து போனால் 290 கிலோகலோரியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எல்லாமே பானைத் தண்ணீரிலிருந்து போனால் அது 29 டிகிரி குளிர வேண்டும். சுற்றியுள்ள காற்றும் சூடு கொடுத்துக்கொண்டே இருப்பதால் அவ்வளவு இறங்குவதில்லை. எவர்சில்வர் குடத்தில் கசிவும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் இதே கணக்கு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஆட்டுத்தோல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, நேர்த்திக்கடன்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில், மேலே விழும் துளி ஒவ்வொன்றும் உலரும்போது 580 வீதம் எடுத்துக்கொண்டுதான் போகிறது. இதுவே திரும்பி நடந்தால் ஆபத்து. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிநீரைவிட மோசமாகச் சுடுவது அதனால்தான். ஆவி தண்ணீராகும்போது ஒளித்து வைத்திருந்த 540-ஐயும் தோலில் இறக்கிவிடும். என் மனைவியின் இடது மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.

டியூடரின் வியாபாரத்தை முடித்து வைத்ததும் இந்த ஆவியாகும் வித்தைதான். 1859-இல் ஃபெர்தினான் காரே என்ற பிரெஞ்சுக்காரர் அம்மோனியாவை வைத்து ஐஸ் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றால், அம்மோனியா பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கச் சூடு வேண்டுமே, அதைப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், தண்ணீர் உறைந்துவிடும். போன அம்மோனியாவைப் பிடித்து மறுபடி திரவமாக்கித் திரும்பக் கொதிக்கவிட வேண்டும். காரேயின் இயந்திரத்தில் அதற்கு நெருப்பு மூட்டுவார்கள். நெருப்பு மூட்டி ஐஸ் செய்வது! எங்கள் வாத்தியார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

மெட்ராஸில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி என்று ஒன்று ஆரம்பித்து இயந்திர ஐஸ் செய்யத் தொடங்கியது. கல்கத்தாவில் 1878-இல் பெங்கால் ஐஸ் கம்பெனி. சில வருடங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வருவது நின்றுபோனது. டியூடர் 1864-லேயே காலமாகிவிட்டார். இந்த முடிவை அவர் பார்க்கவில்லை.

பிறகு ஊருக்கு ஊர் ஐஸ் பாக்டரி. தகரக் கேன்களில் நல்ல தண்ணீர் ஊற்றி, உறையாத உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அம்மோனியாக் குழாயால் தொட்டியைக் குளிரவைப்பார்கள். ஐஸோடு உப்பு சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை இறங்கும். பால் ஐஸ்காரர் மரப்பீப்பாயில் ஐஸும் கல் உப்பும் கொட்டி, நடுவில் பால் டப்பாவைச் சுற்றுவது அதற்காக. இப்போது வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்டது. நம் தபால்கார நண்பரும் போன வருடம் ஒன்றரை டன் ஏசி வாங்கினார். "ஒன்றரை டன் எடை மாதிரி தெரியலையே சார், இரண்டு பேர் தூக்கிட்டு வந்துட்டாங்க" என்றார். அது எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்குமோ அதுதான் ஒரு டன் ஏசி. அமெரிக்க டன், அதனால் 907 கிலோ. ஐஸ் வியாபாரம் ஒழிந்து எவ்வளவோ காலமாகியும் அதன் தராசு மட்டும் நம் சுவரில் தொங்குகிறது.

ஐஸைப் பற்றி எழுதும்போது எழுதாமல் விடமுடியாத ஒன்று உண்டு. 1979 மே மாதம். மதியம் மூன்று மணிக்கு ஆபீஸுக்குத் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். அன்று மதுரையிலிருந்து புதுச்சேரி என்பது ராத்திரி முழுக்க மீட்டர்கேஜ் ரயிலில் விழுப்புரம், பிறகு பஸ். ஒரே பையன் நான்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, திண்டுக்கல் தாண்டியும் அனலாக அடித்த காற்றில், எனக்கு ஒரே நினைப்பு. முகம் பார்க்கக் கிடைக்குமா? மே மாதம். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வாசல் தெளித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே பெஞ்சின் மேல் அப்பா. அடியிலும் இரு பக்கமும் ஐஸ் பார்கள், மேலே உமி, அதற்கு மேல் ஈரச் சாக்கு. அக்கா மீன் வண்டிக்காரர்களிடம் சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக வரவழைத்திருக்கிறாள். நான் பார்க்கும்போது பார்கள் சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி உருண்டு போயிருந்தன, ஆனாலும் இருந்தன. அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. "தொட்டுப் பாருடா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கார்" என்றாள் அக்கா. தொட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து மதுரை திரும்பும் ரயிலில், பழக்க தோஷம், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஐம்பது கிலோ ஐஸ் முழுக்க உருக 4,000 கிலோகலோரி. அப்படி எத்தனை பார். ஒரு ராத்திரி முழுக்க அந்த வீட்டுக்குள் வந்த சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு அவை தெருவில் ஓடியிருக்கின்றன. அக்கா எட்டாம் வகுப்புவரைதான் படித்தவள். பிளாக் பெயரெல்லாம் கேட்டிருக்கமாட்டாள். அந்தக் காகிதம் ரொம்ப நாள் என் டைரியில் இருந்தது.

மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ் என்ன ஆனது என்று சொல்லி முடித்துவிடுகிறேன். வியாபாரம் நின்ற பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னல் வைத்து வீடாக்கி, கேஸில் கெர்னன் என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் மேலைநாடு போய்த் திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பின்னால் சகோதரி சுப்புலட்சுமி, ஊரில் வீடு கொடுக்கத் தயங்கிய பால்ய விதவைப் பெண்களை அங்கேதான் குடிவைத்துப் படிக்கவைத்தார். கல்கத்தா, பம்பாய் ஐஸ் கிடங்குகள் இன்று இல்லை. இது மட்டும் நிற்கிறது. 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது தபால்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "பெயரையும் மாத்தியாச்சு, ஐஸும் உருகிப் போச்சு, சாட்சி என்ன சார் மிச்சம்?" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு நண்பர், மகன் வீட்டுக்கு மாதாமாதம் சென்னை போய்வருபவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "திருவல்லிக்கேணியில் போலீஸ் ஸ்டேஷன் வாசல் போர்டைப் போய்ப் பாரும். ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம்னு சர்க்கார் முத்திரையோட எழுதியிருக்கு."

தபால்காரர் தலையை ஆட்டினார். அன்றைய டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.